புதியவர்க்கு முதல் நிலவறை



வானொலி நாடகம் கேட்டுப் பழகிய உங்களுக்கு, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளை விளக்குவது அத்துணைக் கடினமன்று. கதவொன்று கிறீச்சிடும் ஓசை. பின்னர்க் கற்படியில் இறங்கும் காலடி ஓசை. எங்கோ தொலைவில் நீர் சொட்டும் ஓசை. செவியிற் படுவது இவ்வளவே. எஞ்சிய இருளையும் சுவரையும் ஈரத்தையும் கேட்பவர் தம் மனத்தகத்தே தாமே அமைத்துக்கொள்கிறார். அந்நாடகத்தை அவ்விடத்தில் நிறுத்தி, "படியில் இறங்கும் அந்த மனிதர் நீர்தாம், இனி என்ன செய்வீர்?" என்று ஒருவர் உங்களை வினவுவாராயின், நீங்கள் மேசைப் பாத்திர விளையாட்டின் வாயிலில் நிற்கிறீர்கள் எனலாம்.

நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவர்களுள் ஒருவர் நடுவர். இடத்தின் வரைபடத்தையும் அதனுள் இருப்பவற்றையும் அவர் ஒருவரே அறிவார். ஏனையோர் ஒவ்வொருவரும் வீரன், கள்வன், மந்திரவாதி, சமயகுரு என ஒவ்வொரு பாத்திரத்தை ஏற்பர். நடுவர் நிலைமையைச் சொல்ல, மற்றவர் தாம் செய்வதைச் சொல்ல, விளைவு ஐயத்துக்கிடமாகும்போது தாயக்கட்டை உருண்டு முடிவு கூறும். தாயக்கட்டை என்றவுடன் ஆறு முகமுள்ள கட்டையை மட்டும் எண்ணற்க. நான்கு முகம் தொடங்கி இருபது முகம் வரையுள்ள கட்டைகள் இவ்விளையாட்டில் வழங்குகின்றன. வென்றவர் தோற்றவர் என்ற கணக்கு இங்கில்லை. இக்கூட்டத்தார் முதன்முதலாக இறங்கும் இடம் பெரும்பாலும் நிலவறையாகவே இருக்கும். பாழடைந்த கோட்டையின் அடித்தளம், மலைக்குகை, பழங்கல்லறை ஆகிய யாவும் விளையாட்டு மொழியில் நிலவறைகளே. புதியவர்க்கான முதல் நிலவறையை எவ்வாறு அமைப்பது என்பதே என் பொருள்.

பாடசாலை அதிபர் ஒருவர்க்கு இதில் என்ன அலுவல் எனச் சிலர் எண்ணக்கூடும். முதற் பாடத்தை எப்படி அமைப்பது என்பது எங்கள் தொழிலின் தலையாய வினா. அன்றியும், வகுப்பறையில் நாம் கேட்கும் வினாக்கள் அனைத்துக்கும் விடை நம் கையில் முன்னரே இருக்கிறது. மாணவரும் அதை நன்கறிவர். "நீ என்ன செய்வாய்?" என்னும் வினாவுக்கோ, கேட்பவர் கையிலும் விடையில்லை. இருபது ஆண்டுகள் விடை தெரிந்த வினாக்களையே கேட்டுப் பழகியவன், விடை தெரியாத வினாவொன்று ஒரு பிள்ளையின் முகத்தில் என்ன செய்கிறது என்பதைக் கண்டு வியந்ததனால் இவ்விளையாட்டை ஊன்றிக் கவனிக்கலானேன்.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில், விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இதனை ஆக்கினர். ஒரு சிறு பெட்டி, அதனுள் மூன்று மெலிந்த நூல்கள். அவை பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்திப் போர் விளையாடிப் பழகியவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அப்பழக்கம் இல்லாதவர் அந்நூல்களைப் படித்து, விளையாட்டை எங்கே தொடங்குவது என்றறியாது திகைத்தனர். 1977ஆம் ஆண்டு, நரம்பியற் பேராசிரியரான எரிக் ஹோம்ஸ் என்பவர் தொடக்கநிலை விதிகளை ஒரே நூலாகத் தொகுத்துத் தந்தார். நூலின் இறுதியில் மாதிரி நிலவறை ஒன்றையும் சேர்த்தார். விதியை விளக்கிய பின்னும் ஓர் இடத்தைக் காட்டவேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். இலக்கணம் முழுவதையும் ஒப்பிப்பவன் ஒரு கடிதம் எழுதமாட்டாமல் நிற்பதை நாம் கண்டதில்லையா?

ஏன் நிலவறை? காடோ நகரமோ ஆகாதா? ஆகும், ஆயினும் முதல் நாளன்று ஆகாது. ஒரு பெருநகரின் சந்தியில் புதியவனை நிறுத்தி "என்ன செய்வாய்?" என்றால் அவன் வாயடைத்துப் போவான். செய்யத்தக்கவை எண்ணிறந்தனவாய் இருப்பதே அவனுக்கு இடர். நிலவறையின் சுவர் அவனுக்கு உதவி செய்கிறது. இடப்புறம் ஒரு வழி, வலப்புறம் ஒரு வழி, எதிரே ஒரு கதவு. இவற்றுள் ஒன்றைத் தெரிவது எவராலும் கூடும். நடுவருக்கும் அச்சுவரே காவல். சதுரக் கோட்டுக் கொப்பியில் ஒரு சதுரத்தைப் பத்தடியாகக் கொண்டு வரைந்த படத்துக்கு அப்பால் அன்று அவர் ஒன்றும் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஊரின் அரசன் யார், நாட்டின் வரி என்ன என்று எவரும் அவரை மடக்கமாட்டார். ஆகவே, நிலவறை என்பது எல்லையிட்ட சுதந்திரம். நீச்சல் பழக்குபவர் பிள்ளையைக் கடலில் இறக்குவதில்லை; ஆழமறிந்த குளத்தின் படிக்கட்டில் இறக்குகிறார்.

ஆனால், அக்குளத்திலும் மூழ்கலாம். புதியவன் ஏற்கும் பாத்திரம் எவ்வளவு மெலிந்தது என்பதை நிலவறை வகுப்பவர் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. 1981ஆம் ஆண்டு ரொம் மோல்ட்வே செப்பனிட்ட தொடக்க விதிகளின்படி, முதற்படியிலுள்ள மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி நான்குமுகக் கட்டையின் ஓர் உருட்டல், அதாவது ஒன்று முதல் நான்கு வரை. கவசம் அணிய அவனுக்கு உரிமையில்லை. அவனை ஒரு கொப்லின், குகைகளில் வாழும் அந்தக் குள்ளப் பகைவன், தாக்குகிறது எனக் கொள்வோம். இருபதுமுகக் கட்டையில் பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் அடி படும். அது நூற்றுக்கு 55. பட்ட அடியின் வலிமை ஆறுமுகக் கட்டையின் ஓர் உருட்டல். அது அவனுடைய உயிர்ப்புள்ளியை எட்டிவிடும் நிகழ்தகவு நூற்றுக்கு 75. இரண்டையும் பெருக்கினால், ஒரே தாக்குதலில் அவன் இறக்கும் நிகழ்தகவு நூற்றுக்கு 41க்குச் சிறிது மேல். பெயரிட்டு, உருவம் நினைத்து, அரைமணி நேரம் செலவிட்டு ஒரு பிள்ளை ஆக்கிய பாத்திரம், முதல் அறையின் முதல் நொடியில் ஏறக்குறைய நாணயம் சுண்டும் கணக்கில் மடிந்துபோகலாம். அவன் செய்த தவறு என்ன? கதவைத் திறந்தான்.

இதனைக் கேட்டுப் பாத்திரங்கள் சாகவே கூடாதென நான் வாதிடுவதாக எண்ணவேண்டா. சாவே இல்லாத நிலவறையில் துணிவுக்கும் பொருளில்லை. என் வாதம் வேறு. மடிந்தவன், தான் ஏன் மடிந்தான் என்பதை விளங்கிக்கொள்ளக் கூடியவனாக இருத்தல் வேண்டும். "அந்தக் கீறலை நான் பார்த்தேன், கருதாமல் விட்டேன்" என்று சொல்பவன் அடுத்த வாரமும் மேசைக்கு வருவான். "எனக்கு ஏதோ நேர்ந்துவிட்டது" என்று சொல்பவன் வாரான். முதல் நிலவறையில் பணயமாக வைக்கப்படுவது மந்திரவாதியின் உயிரன்று; அவனை இயக்கும் பிள்ளை, தன் சொல்லுக்கு இவ்வுலகில் விளைவுண்டு என்று நம்பப்போகிறானா இல்லையா என்பதே.

ஆதலின், இடர் வருமுன் அதன் அடையாளம் வரவேண்டும். கைகாக்ஸ் எழுதிய 'த கீப் ஒன் த போர்டர்லேண்ட்ஸ்' என்னும் நிலவறைநூல் ஏறத்தாழ 1980 முதல் தொடக்கப் பெட்டியுடன் சேர்த்து விற்கப்பட்டது. எத்தனையோ பேர் முதன்முதலில் இறங்கிய இடம் அதுவே. நாகரிக உலகின் எல்லையில் ஒரு கோட்டை. அதற்கப்பால் ஒரு பள்ளத்தாக்கு. அதன் சுவர்களில் பல குகைகள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இனத்துப் பகைவர். அவற்றுள் கோபோல்ட் எனப்படும் மிகச் சிறிய பகைவரின் குகைவாயிலுக்குச் சற்று உள்ளே ஒரு பொறிக்குழி இருக்கிறது. முன்வரிசையில் நடப்பவர் அதில் விழும் வாய்ப்பு சரிபாதி. ஆனால், கழியினால் தரையைத் தட்டித் தட்டி நடப்பவருக்கு அவ்வாபத்தில்லை. எளிய பொறிதான், எனினும் அதன் நீதி செம்மையானது. அறிவோடு நடப்பவனைத் தாயக்கட்டையிடம் ஒப்படைக்காது அது விட்டுவிடுகிறது.

அந்நூலின் வேறு சில நலன்களும் கூறத்தக்கவை. மெலிந்த பகைவரின் குகை பள்ளத்தாக்கின் நுழைவாயிலுக்கு அண்மையில் இருக்கிறது. கொடியோர் வழிபடும் கோயில் தொலைவிலே உள்ளது. தூரம் செல்லச் செல்ல இடர் மிகும் என்பதை எவரும் சொல்லாமலே கால்கள் கற்றுக்கொள்கின்றன. கோட்டையில் உலவும் வதந்திகளின் பட்டியலொன்றும் உண்டு. அவற்றுள் சில மெய், சில பொய். கொப்லின்களின் கூக்குரலொன்றைச் சரணடைதலின் அறிகுறி என்று ஒரு வதந்தி சொல்லும். நம்பியவர் வாளைத் தாழ்த்தினால் கெட்டார். கேட்டதையெல்லாம் நம்பாதே என்று ஆண்டுதோறும் காலைக்கூட்டத்தில் நாம் சொல்வதை, அவ்வொரு வதந்தி ஒரே மாலையில் கற்பித்துவிடுகிறது.

குறையும் உண்டு, அதைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. அக்குகைகள் பலவற்றில் பகைவரின் பெண்டிரும் குழந்தைகளும் கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கிறார்கள். போர்முடிந்த பின் அக்குழந்தைகளை என்ன செய்வது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி இருந்து கேட்கும்போது, நூல் வாய்திறப்பதில்லை. அவ்வினாவை எதிர்கொண்டு பேசத் துணிந்த நடுவர் அவர்களை வைக்கட்டும். மற்றவர் தம் நிலவறையில் குழந்தைகளை வையாதிருப்பதே முறை. இது விளையாட்டுத்தானே எனத் தட்டிக்கழிப்பதை நான் ஏற்பதற்கில்லை. பிள்ளைகள் அப்படித் தட்டிக்கழிப்பதில்லை.

போர் ஒன்றே வழி என்னும் எண்ணத்தை முதல் நிலவறையே விதைத்துவிடலாகாது. மோல்ட்வேயின் விதிநூல் இங்கே பெருந்துணை. எதிர்ப்பட்ட உயிரின் மனப்பாங்கை அறிய ஆறுமுகக் கட்டைகள் இரண்டை உருட்டவேண்டும் என்கிறது அது. கூட்டுத்தொகை இரண்டானால் மட்டுமே உடனடித் தாக்குதல்; அது 36 உருட்டல்களில் ஒன்று. இடைப்பட்ட எண்களில் ஐயமும் தயக்கமும் பேரமும். பன்னிரண்டு விழுந்தால் நட்பு. மேலும், கொப்லின் ஒன்றைக் கொல்வதால் கிடைக்கும் அனுபவப்புள்ளி 5. வீரன் இரண்டாம் படியை அடைய வேண்டியது 2000. கொன்றே ஏறுவதாயின் நானூறு கொப்லின்கள் வேண்டும். மீட்டுவரும் பொன்நாணயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கிடைப்பதால், வாளைத் தொடாமலே ஏறவும் கூடும். இக்கணக்கைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்கும் நாளில் அவர்கள் விளையாட்டின் போக்கே மாறிவிடுகிறது. கதவை உதைத்துத் திறந்தவர்கள், கதவில் காதை வைத்துக் கேட்கத் தொடங்குகிறார்கள். அவ்வாறு கேட்பவர்க்குக் கேட்பதற்கு ஏதாவது இருக்கும்படி அறைகளை வகுப்பது அமைப்பாளர் கடன்.

இதுகாறும் விளையாடுவோரைப் பற்றியே பேசினேன். முதல் நிலவறையில் கற்கும் மாணவர் இன்னும் ஒருவர் இருக்கிறார்; அவரே நடுவர். பெட்டியை விலைக்கு வாங்கிய பிள்ளைதான் பெரும்பாலும் நடுவராகிறான், அவனும் புதியவனே. அவனுக்குக் கற்பிக்காத நிலவறை அரைகுறையானது.

இவ்வுண்மையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் மைக் கார். தொடக்கப் பெட்டியுடன் 1970களின் இறுதியில் வந்த அவருடைய 'இன் சேர்ச் ஒவ் த அன்னோன்' என்னும் நிலவறையில் அறைகள் அனைத்தும் விவரிக்கப்பட்டிருக்கும். ஆயினும் எந்த அறையில் எந்தப் பகைவர், எந்தச் செல்வம் என்பன பெரும்பாலும் வெற்றிடமாக விடப்பட்டிருக்கும். பின்னிணைப்பிலுள்ள பட்டியலிலிருந்து நடுவரே எடுத்து நிரப்பவேண்டும். இடைவெளி நிரப்புக என்று நாங்கள் வினாத்தாளிற் கொடுப்பதன் விரிந்த வடிவமிது. அந்நிலவறையில் பதினான்கு குளங்கள் கொண்ட அறையொன்றும் உண்டு; ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நீர்மம். ஒன்று நலம் தரும், ஒன்று தீங்கு செய்யும். அவ்வறையில் போரே இல்லை; எனினும் தொட்டுப் பார்ப்பதும், ஒரு நாணயத்தை இட்டுப் பார்ப்பதும், ஒருவரையொருவர் தடுப்பதுமாய் ஒரு மணிநேரம் கழிந்துவிடும்.

ஆனால், இக்கலையை முறையான பாடத்திட்டமாக்கிய பெருமை பிராங்க் மென்ட்ஸருக்கு உரியது. 1983ஆம் ஆண்டு அவர் செப்பனிட்ட சிவப்புப் பெட்டியை எங்கள் ஆசிரிய கலாசாலைகளில் வைத்துப் படிப்பித்தாலும் தகும். அதில் விதிகளின் முழுத் தொகுதி முதலில் வருவதில்லை, கதையொன்று வருகிறது. தனியாக அமர்ந்து படிக்கும் பிள்ளையே வீரன். குகைக்குள் ஒரு கொப்லினையும் ஒரு பாம்பையும் எதிர்ப்படுகிறான். அலீனா என்னும் சமயகுருப் பெண் அவன் காயத்தை ஆற்றுகிறாள், அவனோடு நடக்கிறாள், பேசிக்கொண்டே விளையாட்டின் இயல்பை விளக்குகிறாள். பின்னர் பார்கில் என்னும் கொடிய மந்திரவாதி அவளைக் கொன்றுவிடுகிறான். உயிர்ப்புள்ளி, காப்பு உருட்டல் ஆகியவற்றை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு மட்டும் சொல்லிச்செல்லும் அக்கதையை முடித்த பிள்ளை, விதிகளைக் கற்றதை அறியான், அலீனாவையோ மறவான். நாற்பது ஆண்டு கடந்தும் அவளை நினைவுகூர்வோர் பலர். அதனையடுத்து, எண்ணிட்ட பந்திகளுக்கிடையே தெரிவு செய்து செல்லும் தனியாள் நிலவறை. அப்போதுதான் தெரிவு அவன் கைக்கு வருகிறது.

நடுவருக்கென அமைந்த நூலில் அவர் செய்தது இதனினும் நுட்பமானது. பாழ்பட்ட கோட்டையொன்று. அதன் முதல் தளம் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். உரக்க வாசிக்க வேண்டிய வாசகமும், நடுவர் மட்டும் அறிய வேண்டிய குறிப்பும் பிரித்துத் தரப்பட்டிருக்கும். இரண்டாம் தளத்துக்கு வரைபடமும் சுருக்கக் குறிப்பும் மட்டும். எஞ்சியதை நடுவர் நிரப்பவேண்டும். மூன்றாம் தளத்துக்கு யோசனைகளே. படம் வரைவதும் அவர் பொறுப்பு. கைப்பிடித்து நடத்தி, விரல்பிடித்து நடத்தி, பின் கையை விட்டுவிடும் முறை இது. முதல் தளத்தை வாசிக்க மட்டுமே துணிந்த பிள்ளை, மூன்றாம் தளத்தை அடையும்போது ஆக்குபவனாகிவிடுகிறான். பாடநூல் எழுதும் நம்மவர்களுள் எத்தனை பேர், மாணவன் என்றோ ஒருநாள் நூலை மூடிவைக்க வேண்டும் என்று எண்ணி எழுதுகிறோம்?

இனி, நாமே ஒரு நிலவறையை வகுத்துப் பார்ப்போம். மூன்று மணிநேரத்துக்கு ஏழெட்டு அறைகள் போதும். அதற்கு மேற்பட்டவை ஆசிரியரின் ஆசைக்கேயன்றி ஆட்டத்துக்கல்ல. இடிந்த காவற்கோபுரம் ஒன்றின் அடித்தளம் எனக் கொள்வோம். படிக்கட்டின் அடியில் வழி இரண்டாகப் பிரிகிறது. "இடமா, வலமா?" என்று மட்டும் கேட்டால் அது தெரிவன்று, சீட்டுக்குலுக்கல். இடப்புறமிருந்து குளிர்காற்றும் நீரின் ஓசையும் வருகின்றன. வலப்புறமிருந்து புகைநாற்றமும் தாழ்ந்த குரலில் வாக்குவாதமும் வருகின்றன எனச் சொல்லுங்கள். இப்பொழுதே மேசையில் விவாதம் தொடங்கிவிடும்.

வலப்புறத்து அறையில் கொப்லின்கள் இரண்டு ஒரு கோழியின் பொருட்டுச் சண்டையிடுகின்றன. அவற்றைத் தாக்கலாம், ஏமாற்றலாம், சமரசம் செய்யலாம், இன்னொரு கோழியை விலையாகக் கொடுத்து உள்ளே என்ன இருக்கிறதென உசாவலாம். இரண்டு என்றேன், ஆறு என்னவில்லை. மேலே போட்ட கணக்கை மறவாதீர்கள். இடப்புறத்தில் நிலத்தடி ஓடை; ஆழத்தில் ஏதோ மின்னுகிறது. இரு வழிகளும் உள்ளே சென்று ஒன்றோடொன்று வளைந்து கூடுகின்றன. கூடுமிடத்தில் பெரிய மண்டபம். அங்கே இக்கூட்டத்தாரால் எவ்வகையாலும் வெல்லவொண்ணாத பேருருவன் ஒருவன் உறங்குகிறான். அவன் குறட்டையொலியை இரண்டு அறைகளுக்கு முன்பிருந்தே கேட்கச் செய்யுங்கள். அவன் தலைமாட்டில் இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய வெண்கலச் சிலை. அதை ஓசையின்றி எப்படிக் கொண்டுபோவது என்று அவர்கள் குனிந்து குசுகுசுப்பதைக் காணும் நடுவருக்கு, அதற்குமேல் ஒரு கைம்மாறு வேண்டியதில்லை.

வழிகள் வளைந்து கூடவேண்டும் என்றதற்குக் காரணமுண்டு. ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் அறைகளைக் கோத்துவிட்டால், பிள்ளைகள் செய்யும் ஒரே தெரிவு முன்னே செல்வது. அது நிலவறை அன்று, நடைக்கூடம். பின்வழியாகச் சென்று பகைவரின் முதுகுப்புறம் தோன்றுதல், தப்பியோடுதல், துரத்துபவரைச் சுற்றவைத்தல் ஆகிய யாவும் வளையம் இருந்தாலே இயலும். 1979ஆம் ஆண்டு 'கேவர்ன்ஸ் ஒவ் திரேசியா' என்னும் நிலவறையை வரைந்த ஜெனெல் ஜாக்வேஸ் இவ்வகை வளைவழிகளுக்குப் பெயர்பெற்றவர். 2024இல் அவர் மறைந்தபோது இக்கலையினர் அவரை நினைவுகூர்ந்ததும் இதன்பொருட்டே. நேர்கோட்டினும் இழிந்தது ஒன்று உண்டு. இரண்டு கதவுகளைக் காட்டிவிட்டு, எதைத் திறந்தாலும் ஒரே அறையை வைப்பது. தம் கதை கெடாமல் இருக்க நடுவர் செய்யும் தந்திரம் அது. பிள்ளைகள் ஒருமுறை ஏமாறுவர், கண்டுகொண்ட பின் "நீங்களே சொல்லுங்கள், என்ன நடக்கிறது?" என்று கதிரையில் சாய்ந்துவிடுவர். அவ்விதம் சாய்ந்த மாணவரை நிமிர்த்துவது எத்துணை அரிது என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

எவ்வழியாலும் திறவாத கதவொன்றையும் அந்நிலவறையில் வைத்துவிடுங்கள். அதன் திறவுகோல் அங்கே இல்லை. அடுத்த வாரம் வரை அவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

தோல்வியையும் முன்கூட்டியே எழுதிவைத்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டு வெளிவந்த தொடக்கப் பெட்டியிலுள்ள 'லொஸ்ட் மைன் ஒவ் பாண்டெல்வர்' என்னும் நிலவறைநூல், சாலையில் இறந்து கிடக்கும் குதிரைகளோடும் மறைந்திருந்து பாயும் கொப்லின்களோடும் தொடங்குகிறது. அந்த முதல் மோதல் புதியவர்க்குக் கடினம் என்பது பலரும் சொல்லும் குறை. என் கருத்தும் அதுவே. எனினும், கூட்டத்தார் தோற்றால் கொப்லின்கள் அவர்களைக் கொல்லாமல், மூர்ச்சையுற்ற நிலையில் விட்டு உடைமைகளைக் கவர்ந்து செல்லும் என்று நூல் விதித்திருக்கிறது. கதை அங்கே முடிவதில்லை. பறிகொடுத்ததை மீட்கும் காரணம் ஒன்று கூடுகிறது. அடுத்து வரும் குகையில் கொப்லின் ஒன்று, கைதி ஒருவனைப் பிணையாக வைத்துப் பேரம் பேசுகிறது: தன் தலைவனைக் கொன்று தந்தால் கைதியை விடுவதாக. அப்பேரத்தை ஏற்பதா என்று பிள்ளைகள் வாதிடும் அரைமணி நேரம், நூலின் ஏனைய போர்கள் அனைத்தினும் மேலானது.

நடுவர் வாசிக்கும் வருணனையைப் பற்றி, ஒலிவாங்கியின் முன் நின்று பேசுபவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். கண்ணால் படிப்பவர் மீண்டும் மேல்வரிக்குச் செல்லமுடியும். காதால் கேட்பவர்க்கு அவ்வசதியில்லை. பத்து வரி வருணனையில் கடைசி இரண்டு பொருள்களே அவர் மனத்தில் தங்கும். ஆதலின், மூன்று பொருள்களுக்கு மேல் ஓர் அறைக்கு வேண்டா; அவற்றுள் செயலை வேண்டி நிற்பதைக் கடைசியில் வையுங்கள். "மேசைமேல் எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தி, சுவரில் கிழிந்த திரை, திரைக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிறார்." இதற்குப் பின் "என்ன செய்வீர்கள்?" என்று கேட்கவும் தேவையில்லை.

பழைய விதிநூல்கள் வகுத்த இரண்டு பணிகளைப் பற்றி என் துணிபு வேறுபடுகிறது. கூட்டத்தாருள் ஒருவர் வரைபடம் வரைபவர். இன்னொருவர் எல்லாரது முடிவையும் தொகுத்து நடுவரிடம் சொல்பவர். வரைபவர் நன்று, பேசத் தயங்கும் பிள்ளை கையில் பென்சிலைக் கொடுத்தால், சிறிது நேரத்தில் "இங்கே ஓர் இடைவெளி இருக்கிறது, மறைவறை ஒன்று இருக்கவேண்டும்" என்று அவளே முதலில் சொல்வாள். சொல்பவரை மட்டும் நியமிக்கவேண்டா. வகுப்பில் உரத்த குரலுள்ளவன் அப்பதவியை ஒருமுறை பிடித்தானாயின், மற்ற மூவரும் பார்வையாளராவர். மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக நடுவரே பெயர்சொல்லிக் கேட்பது நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பலமுகத் தாயக்கட்டைகள் நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை என்று பிள்ளைகள் முறையிடுவதுண்டு. அமெரிக்காவிலேயே 1979ஆம் ஆண்டளவில் அவற்றுக்குத் தட்டுப்பாடு உண்டாகி, தொடக்கப் பெட்டிகளில் கட்டைகளுக்குப் பதிலாக எண்பொறித்த அட்டைச் சீட்டுகளை வைத்து விற்றனர். அதே வழி நமக்கும் திறந்திருக்கிறது. பழைய அட்டையில் இருபது சீட்டுகள் வெட்டி, ஒன்று முதல் இருபது வரை எழுதி, பால்மாப் பேணியொன்றில் இட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டை மீண்டும் பேணிக்குள் போட்ட பிறகே அடுத்ததை எடுக்கவேண்டும். போடாவிடில் நிகழ்தகவு மாறிவிடும்; கொப்லின்களுக்கு அது நன்மையா தீமையா என்பதைக் கணித ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.